மூன்று புள்ளிக்குள் முப்பது வருட வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவு சாவகாசமாகப் படியுங்கள். கடைசியில் ஒரு ஐந்து நிமிட வீட்டுப்பாடமும் இருக்கிறது. வாத்தியார் புத்தி போகாது இல்லையா!

உங்கள் கைபேசியில் குரோம் உலாவியைத் திறந்தால் ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புள்ளிகள் தெரியும். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதற்குள் 'அமைப்புகள்' என்று ஒரு வரி. நம்மில் பலர் வருடக்கணக்கில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் குக்கீ, மூன்றாம் தரப்பு, தற்காலிகச் சேமிப்பு என்று புரியாத சொற்களைக் கண்டு திரும்பி வந்திருப்பார்கள்.

வரலாறு நடத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சட்டப் பிரிவைப் பார்த்தால், இது எழுதப்படுவதற்கு முன்னால் யாரோ இரண்டு பேர் சண்டை போட்டிருக்க வேண்டுமே என்று தேடுவோம். அந்த அமைப்புகள் பக்கமும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அங்கே உள்ள அநேக வரிகளுக்குப் பின்னால் ஒரு வழக்கோ, ஒரு தகராறோ, ஒரு பேரமோ இருக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'டீஃபால்ட்' என்பார்கள். நாம் எதையும் தொடாமல் விட்டால் தானாக எந்த நிலையில் இருக்குமோ, அது. தமிழ் குரோமில் 'இயல்புநிலை' என்று போட்டிருக்கிறார்கள். நல்ல சொல். ஆனால் ஒரு கேள்வி: அது யாருடைய இயல்பு? இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைத்தான் சுற்றி வரப்போகிறது.

*ஞாபகம் இல்லாத வலை*

டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989இல், ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், வைய விரிவு வலைக்கான யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990இன் இறுதியில் முதல் உலாவியையும் அவரே எழுதினார். விஞ்ஞானிகள் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஆகவே அந்த ஏற்பாடு மிக எளிமையானது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்பீர்கள். அந்தப் பக்கம் இருக்கும் கணினி, அதாவது சர்வர், எடுத்துக் கொடுக்கும். கொடுத்த கையோடு உங்களை மறந்துவிடும். அடுத்த நொடி அதே ஆள் போய் நின்றாலும் "நீங்கள் யார்?" என்றுதான் கேட்கும். இந்த மறதி அப்போது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா இருவரும் மொசைக் உலாவியைக் கொண்டுவந்தார்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வந்ததுதான் அதன் கவர்ச்சி. ஆனால் அன்றைய தொலைபேசி மோடம்கள் நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் ஓடியவை. 100 கிலோபைட் படம் ஒன்று இறங்க ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

அதனால்தான் வேகத்துக்கான அமைப்புகள் முதலில் வந்தன. படங்களைத் தானாக இறக்காதே, நான் கேட்டால் மட்டும் காட்டு என்று ஒன்று. ஒருமுறை இறக்கிய படத்தை நம் கணினியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக் காட்டும் தற்காலிகச் சேமிப்பு இன்னொன்று. இவற்றில் சண்டை எதுவும் இல்லை. ஏனென்றால் லாபம் முழுவதும் பயன்படுத்துபவருக்கே.

*செருப்பு டோக்கன்*

1994இல் ஆண்ட்ரீசனும் ஜிம் கிளார்க்கும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் பின்னால் நெட்ஸ்கேப் ஆனது. அங்கே லூ மொன்டுல்லி என்ற இளைஞர் வேலை பார்த்தார். எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம் வலையில் கடை போட விரும்பியது. வாங்குபவர் கூடையில் எடுத்துப் போட்ட பொருட்களின் விவரத்தைத் தன் சர்வரில் வைத்துக்கொள்ள அது தயாராக இல்லை. வலைக்கோ ஞாபகசக்தி இல்லை. பிறகு கூடை எப்படி நிற்கும்?

ஒவ்வொரு உலாவிக்கும் ஒரு நிரந்தர எண்ணைக் கொடுத்துவிடலாம், எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்த எண்ணைக் காட்டட்டும் என்பது சுலபமான வழி. மொன்டுல்லி அதை வேண்டாம் என்றார். அப்படிச் செய்தால் ஒருவர் எங்கெல்லாம் போகிறார் என்று எல்லாத் தளங்களும் சேர்ந்து கண்டுபிடித்துவிடும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதற்குப் பதில் அவர் செய்தது இதுதான்: தளம் ஒரு சிறு துண்டுச் சீட்டை உலாவியிடம் கொடுக்கும். அடுத்த முறை அதே தளத்துக்குப் போனால் மட்டும் உலாவி அதைத் திருப்பிக் காட்டும். வேறு தளத்துக்குக் காட்டாது. யூனிக்ஸ் நிரலாளர்கள் இப்படிக் கைமாறும் துண்டுகளை 'மேஜிக் குக்கீ' என்று சொல்வது வழக்கம். அதிலிருந்து குக்கீ என்ற பெயர் வந்தது.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா, அதேதான். அந்த எண்ணுக்கு நம்மிடம் அர்த்தம் கிடையாது. அடுத்த தெருக் கோயிலில் காட்டினாலும் கிடையாது. கொடுத்தவருக்கு மட்டுமே அது நம் செருப்பு. இன்றைக்கு நீங்கள் மின்னஞ்சலில் ஒருமுறை உள்நுழைந்தால் பக்கத்துக்குப் பக்கம் கடவுச்சொல் கேட்காமல் இருப்பதற்கும் ரயில் டிக்கெட் பதிவில் பாதி வழியில் உங்களை மறக்காமல் இருப்பதற்கும் இந்த டோக்கன்தான் காரணம். வசதி என்ற வகையில் அருமையான கண்டுபிடிப்பு. தனியுரிமையையும் யோசித்துச் செய்த கண்டுபிடிப்பு.

பிறகு எங்கே கோளாறு?

*ஒரே குத்தகைக்காரர்*

ஊரில் உள்ள எல்லாக் கோயில்களுக்கும், கல்யாண மண்டபங்களுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும் செருப்பு விடும் இடத்தை ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் உங்களுக்குக் கொடுத்த டோக்கனையே எல்லா இடத்திலும் வாங்கிப் பார்க்கிறார். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்கள் எல்லாம் அவர் நோட்டில் ஏறிவிடும். உங்கள் பெயர் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

வலையில் நடந்தது இதுவே. ஒரு செய்திப் பக்கத்தில் உள்ள விளம்பரப் படம் அந்தச் செய்தித்தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது. படத்தோடு அந்த நிறுவனம் தன் குக்கீயையும் வைத்துவிடும். ஆயிரம் தளங்களில் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், ஆயிரம் தளங்களிலும் அதே டோக்கன். இதற்குத்தான் மூன்றாம் தரப்பு குக்கீ என்று பெயர். நீங்கள் ஒரு தரப்பு, நீங்கள் போன தளம் இன்னொரு தரப்பு, அழைக்காமல் வந்து நிற்பவர் மூன்றாம் தரப்பு. தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய டபுள்கிளிக் நிறுவனம் இந்த வழியில்தான் பெரிதாக வளர்ந்தது. பின்னால் 310 கோடி டாலருக்கு அதைக் கூகுள் வாங்கியது. 2007இல் அறிவிப்பு, 2008இல் கிரயம்.

1996 பிப்ரவரியில் லண்டன் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' நாளிதழ் குக்கீ பற்றி எழுதிய பிறகே பொதுமக்களுக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியவந்தது. அடுத்த வருடம், 1997 பிப்ரவரியில், இணையத் தரங்களை வகுக்கும் குழு குக்கீக்கான முதல் விதிமுறையை வெளியிட்டது. எழுதியவர்கள் டேவிட் கிறிஸ்டலும் அதே மொன்டுல்லியும். மூன்றாம் தரப்பு குக்கீயை உலாவி ஏற்கக் கூடாது. ஏற்கும் வசதி வைத்தாலும், இயல்புநிலையில் அது அணைந்தே இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது.

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். விதி 1997லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அன்று சந்தையில் இருந்த இரண்டு பெரிய உலாவிகளான நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதைப் பின்பற்றவில்லை. விளம்பரதாரர்களின் வயிற்றில் அடிக்க இருவரும் தயாராக இல்லை. நெட்ஸ்கேப்பில் 'குக்கீ வரும்போது என்னைக் கேள்' என்றொரு தேர்வு இருந்தது. 'போன தளத்தின் குக்கீயை மட்டும் ஏற்றுக்கொள்' என்பதும் பிறகு சேர்ந்தது. இருந்து என்ன பயன்? இரண்டுமே இயல்புநிலையில் அணைந்திருந்தன. உள்ளே போய்த் திருப்ப வேண்டியது பயன்படுத்துபவரின் பாடு. சுவிட்சு இருந்தது, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்துவிட்டார்.

*பாப்-அப் செத்த கதை*

இயல்புநிலைக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் உதாரணம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும், 2000 வாக்கில் பிரவுசிங் சென்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் நாலு விளம்பரச் சன்னல்கள் தானாகத் திறக்கும். ஒன்றை மூடினால் இரண்டு முளைக்கும்.

அந்தப் பாப்-அப் விளம்பரத்துக்கான நிரலை முதலில் எழுதியவர் ஈத்தன் ஜூக்கர்மேன். தொண்ணூறுகளின் பின்பகுதியில் டிரைபாட் என்ற நிறுவனத்தில் இருந்தார். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றின்மேல் வந்துவிட, கம்பெனி கொதித்துப்போனது. பக்கமும் விளம்பரமும் ஒட்டாமல் தனிச் சன்னலில் போட்டால் பிரச்சினை தீரும் என்று நினைத்து எழுதினார். 2014இல் 'தி அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை எழுதி, அதில் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்.

இதைத் தடுக்கும் வசதி ஓப்பரா, மொசில்லா போன்ற உலாவிகளில் முன்பே வந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் சன்னல்களை மூடிக்கொண்டே இருந்தார்கள். 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டாவது சர்வீஸ் பேக் வழியாக இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் தடுப்பு வந்தது. இந்த முறை அது இயல்புநிலையிலேயே போட்டுத்தான் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0வும் தடுப்போடு வெளியானது. பாப்-அப் வியாபாரம் அதோடு படுத்துவிட்டது. மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, பிரச்சாரம் செய்யவில்லை. சுவிட்சைத் திருப்பி வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

*பூட்டும் கள்ளச்சாவியும்*

2003இல் ஆப்பிள் தன் சஃபாரி உலாவியை வெளியிட்டபோது மூன்றாம் தரப்பு குக்கீயை இயல்பாகவே தடுத்துக் கொடுத்தது. 1997 விதியைக் கடைப்பிடித்த முதல் பெரிய உலாவி என்று சொல்லலாம். ஆப்பிளுக்கு அப்போது விளம்பர வருமானம் கிடையாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தத் தடுப்பில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மூன்றாம் தரப்புக்கு நீங்களே ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் அதன் குக்கீ அனுமதிக்கப்படும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவத்தைப் பக்கத்துக்குள் வைத்து, பயன்படுத்துபவரே அனுப்பியதுபோல அனுப்பி, கூகுளின் விளம்பர நிரல் உள்ளே நுழைந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஜொனதன் மேயர் இதைக் கண்டுபிடித்தார். 2012 பிப்ரவரியில் செய்தி வெளிவந்தது. சஃபாரி பயன்படுத்துவோர் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், அதன் இயல்புநிலையே உங்களைக் காக்கும் என்று கூகுள் சொல்லியிருந்ததுதான் வேடிக்கை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2.25 கோடி டாலர் அபராதம் போட்டது.

*மறைநிலை எதை மறைக்கிறது?*

பலர் தவறாக நம்பும் அமைப்பு இது. 2005இல் சஃபாரியில் தனிப்பட்ட உலாவல் வந்தது. 2008இல் குரோம் பிறந்தபோதே 'இன்காக்னிட்டோ', அதாவது மறைநிலை, கூடவே வந்தது. தொப்பியும் கண்ணாடியும் போட்ட துப்பறிவாளர் படம். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது!

அது செய்வது ஒன்றே ஒன்று. சன்னலை மூடியதும், போய் வந்த வரலாறும் குக்கீகளும் உங்கள் கருவியிலிருந்து நீங்கும். பிரவுசிங் சென்டரிலோ, வேறொருவர் கணினியிலோ தேர்வு முடிவு பார்க்க, வங்கிக் கணக்கு பார்க்க மிகவும் பயனுள்ளது. ஆனால் நீங்கள் போன தளத்துக்கு நீங்கள் வந்தது தெரியும். உங்கள் இணைய நிறுவனத்துக்கும், அலுவலக நெட்வொர்க்குக்கும் தெரியும். வீட்டு வாசலில் பதிந்த காலடித் தடத்தை அழித்துவிட்டால், போன தெருவில் பார்த்தவர்களின் கண் குருடாகிவிடுமா?

2020இல் கலிபோர்னியாவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். மறைநிலையிலும் தகவல் திரட்டுகிறார்கள் என்று. 2024இல் சமரசம் ஆனது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், மறைநிலையின் முதல் பக்கத்தில் உள்ள விளக்கத்தைத் திருத்தி எழுதவும், அந்த நிலையில் மூன்றாம் தரப்பு குக்கீயை ஐந்து ஆண்டுகளுக்கு இயல்பாகவே தடுக்கவும் கூகுள் ஒப்புக்கொண்டது. இன்று மறைநிலையைத் திறந்ததும் தெரியும் அந்தச் சிறிய எழுத்துகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நீதிமன்றம் வரை போய் வந்த வாசகம் அது.

*சுவரில் எழுதிய வாசகம்*

'இங்கு விளம்பரம் செய்யாதீர்' என்று மதில்சுவரில் பெயிண்டில் எழுதி வைப்போம். மறுநாள் அந்த எழுத்தின் மேலேயே போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். உலாவியிலும் அப்படி ஒரு வாசகம் இருந்தது. 'டு நாட் டிராக்', அதாவது 'என்னைப் பின்தொடராதே'. 2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4இல் வந்தது. அதைப் போட்டுக்கொண்டால் நீங்கள் போகும் ஒவ்வொரு தளத்துக்கும் உலாவி அந்த வேண்டுகோளையும் சேர்த்து அனுப்பும். கேட்பதும் கேட்காததும் தளத்தின் விருப்பம்.

2012இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்ப்ளோரர் 10இல் இதை இயல்புநிலையிலேயே போட்டுத் தரப்போவதாக அறிவித்தது. விளம்பரத் துறை குதித்தது. 'இது பயன்படுத்துபவரின் விருப்பம் இல்லை, மைக்ரோசாஃப்டின் விருப்பம். ஆகவே மதிக்க மாட்டோம்' என்றார்கள். பாருங்கள், எல்லாவற்றையும் திறந்து வைத்த இயல்புநிலை மட்டும் பயன்படுத்துபவரின் விருப்பம் போலும்! கடைசியில் பொதுவான உடன்பாடு எதுவும் வராமல் தரநிலைக் குழு 2019 ஜனவரியில் கலைந்தது. அடுத்த மாதமே ஆப்பிள் அந்த அமைப்பைச் சஃபாரியிலிருந்து எடுத்துவிட்டது. அதைப் போட்டவர்களை அடையாளம் காண அதுவே உதவும் என்பது காரணம். 2025 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸும் எடுத்துவிட்டது.

வேண்டுகோளுக்குப் பின்னால் சட்டம் நின்றால் கதை வேறு. கலிபோர்னியாவில் இப்போது 'குளோபல் பிரைவசி கண்ட்ரோல்' என்ற இதேபோன்ற சமிக்ஞையைத் தளங்கள் மதித்தே ஆக வேண்டும். மதிக்காத செஃபோரா என்ற அழகுசாதன நிறுவனம் 2022இல் 12 லட்சம் டாலர் கட்டியது. ஐரோப்பாவில் 2019 அக்டோபர் 1 அன்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது. இயல்புநிலையை நீதிபதிகள் நேராகக் கை வைத்த இடம் அது. சம்மதிக்க ஒரு கிளிக், மறுக்க பல கிளிக் என்று வைத்ததற்காகப் பிரான்ஸ் ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. இங்கேயும் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது நினைவிருக்கும்.

*வேகத்துக்கும் விலை உண்டு*

2ஜி காலத்தில் நம் ஊரில் ஓப்பரா மினி எவ்வளவு பிரபலம்! பக்கத்தை ஓப்பராவின் சர்வரே முதலில் வாங்கி, சுருக்கி, நமக்கு அனுப்பும். டேட்டா மிச்சம், வேகம் அதிகம். ஆனால் நாம் படிப்பதெல்லாம் நடுவில் ஒருவர் கை வழியாக வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் அந்த வேகம்.

தற்காலிகச் சேமிப்பும் அப்படியே. ஒரு தளத்தில் இறக்கிய கோப்பை இன்னொரு தளமும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்ததால் வேகம் கிடைத்தது. ஆனால் அந்தக் கோப்பு உடனே வருகிறதா, தாமதமாக வருகிறதா என்று நேரத்தை அளந்தே, நீங்கள் முன்பு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று கண்டுபிடிக்க முடிந்தது. ஆகவே தளத்துக்குத் தளம் சேமிப்பைத் தனித்தனி அறையாகத் தடுத்துவிட்டார்கள். 2020 அக்டோபரில் குரோமும், 2021 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும் இதைச் செய்தன. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து அந்தரங்கத்தை வாங்கினார்கள். நீங்களும் நானும் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை.

*2,630 கோடி டாலர் சுவிட்சு*

ஃபயர்ஃபாக்ஸ் 2019இலேயே பின்தொடரும் குக்கீகளை இயல்பாகத் தடுத்தது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்பு குக்கீ முழுவதையும் தடுத்தது. குரோமும் 2020 ஜனவரியில் வாக்குக் கொடுத்தது: இரண்டு ஆண்டுகளில் நீக்குவோம். அது 2023 ஆனது, பிறகு 2024 ஆனது. 2024 ஜனவரியில் நூற்றில் ஒருவருக்கு மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். அதே ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள். தேர்வு செய்யச் சொல்லி ஒரு தனிக் கேள்வி கேட்போம் என்றார்கள். 2025 ஏப்ரலில் அதுவும் இல்லை என்றாகிவிட்டது. போட்டி நிறுவனங்களும் பிரிட்டனின் கண்காணிப்பு ஆணையமும் எழுப்பிய கேள்விகளும் இதில் உண்டு. நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். ஆனால் முடிவு என்ன? உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் உலாவியின் சாதாரண நிலையில், 1997இல் அணைக்கச் சொன்ன சுவிட்சு இன்னும் போட்டே இருக்கிறது.

இயல்புநிலைக்குச் சந்தையில் என்ன விலை? அமெரிக்க அரசு கூகுள் மீது தொடர்ந்த வழக்கில் அது தெரியவந்தது. உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன் தேடுபொறியே இயல்புநிலையில் இருப்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். தேடுபொறியை மாற்ற யாருக்கும் தடை இல்லை. மூன்று தட்டு தட்டினால் மாறிவிடும். நாம் அந்த மூன்று தட்டைத் தட்ட மாட்டோம் என்ற நம்பிக்கைக்குத்தான் அவ்வளவு பணம். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார்.

*வீட்டுப்பாடம்*

சரி, இப்போது கைபேசியை எடுங்கள். ஐந்து நிமிடம்.

1. குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், மூன்றாம் தரப்பு குக்கீகள். 'தடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். குத்தகைக்காரரின் நோட்டுக்கு இது முக்கியமான அடி. ஏதாவது ஒரு தளம் வேலை செய்யாவிட்டால் அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். போன தளத்தின் சொந்தக் குக்கீ அப்படியே இருக்கும். உங்கள் உள்நுழைவு கெடாது.

2. தள அமைப்புகளில் 'அறிவிப்புகள்'. எந்தெந்தத் தளத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் வரும். தெரியாத பெயர்களை நீக்குங்கள். 'உங்கள் போனில் வைரஸ்' என்று மிரட்டும் செய்திகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. பழைய பாப்-அப்பின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. அதே இடத்தில் இருப்பிடம், கேமரா, மைக். வரைபடத்துக்கு இருப்பிடம் வேண்டும். சமையல் குறிப்புத் தளத்துக்கு எதற்கு?

4. தற்காலிகச் சேமிப்பைத் தினமும் அழிக்காதீர்கள். அழித்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். வேகம் குறையும், டேட்டாவும் செலவாகும். ஒரு பக்கம் சரியாகத் திறக்காதபோதோ, போனில் இடம் இல்லாதபோதோ அழித்தால் போதும்.

5. கணினியில் உலாவி திணறினால் முதலில் 'நீட்டிப்புகள்' பட்டியலைப் பாருங்கள். பயன்படுத்தாதவற்றை நீக்குங்கள். வேகமும் கூடும்; நீங்கள் படிக்கும் பக்கத்தை எட்டிப்பார்ப்பவர்களும் குறைவார்கள்.

6. பொதுக் கணினியில் மறைநிலை. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் 'வேண்டாம்'. வேலை முடிந்ததும் வெளியேறி, சன்னலை மூடிவிட்டு எழுந்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை. யாரோ யூடியூபில் சொன்னார் என்று ஐம்பது அமைப்புகளைக் கண்டபடி மாற்றாதீர்கள். குக்கீயே இல்லாமல், எழுத்துரு, திரை அளவு, நீட்டிப்புகள் இவற்றின் சேர்க்கையை வைத்தே ஒரு உலாவியை அடையாளம் காண முடியும். எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் செய்த சோதனையில், வந்த உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்த அடையாளம் கொண்டிருந்தன. கூட்டத்தில் ஒளிய நினைப்பவர் விசித்திரமான சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. மேலே சொன்ன ஆறு போதும்.

இவ்வளவையும் செய்தாலும் யாரும் நம்மைப் பார்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதைக் காட்டுவது, எதை மூடுவது என்பதை இதுவரை நமக்காக வேறொருவர் முடிவு செய்துகொண்டிருந்தார். நாம் அந்தப் பக்கமே போக மாட்டோம் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை நம்பிக் கோடிகளைக் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் போனை முடித்ததும், வீட்டில் அம்மா, அப்பா, மாமியார், மாமனார் போனையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அறிவிப்புப் பட்டியல் அங்கேதான் நீளமாக இருக்கும். எந்தப் படியிலாவது மாட்டிக்கொண்டால் கருத்துப் பெட்டியில் கேளுங்கள்; என்ன போன், என்ன உலாவி என்று மட்டும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன்.